சாயம் ஏறாத முதலை

மாலை வெயில் சாய்ந்த பிறகு இறக்காமம் குளக்கட்டில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. கரையோரச் சல்வீனியாவை ஒட்டி ஒரு கட்டை மிதக்கும். காற்று தெற்கே தள்ளும். கட்டை வடக்கே போகும். சிறு வயதில் வாப்பாவோடு வட்டைக்குப் போய்விட்டு வரிப்பத்தான்சேனைக்குத் திரும்பும்போது அப்படியொரு கட்டையைக் கண்டு, கல்லெடுத்து எறியக் கையை ஓங்கினேன். வாப்பா தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். "சும்மா நில்லு மகன், அது கட்டையில்ல." எவ்வளவு உற்றுப் பார்த்தும் என் கண்ணுக்கு அது கட்டைதான். பிறகு அதில் இரண்டு புடைப்புகள் தெரிந்தன. அடுத்த கணம், நீரில் ஒரு வளையம்கூட எழாமல் கட்டை கீழே போய்விட்டது.

ஓர் ஆளைவிடப் பெரிய விலங்கு, மறைந்துகொள்ள ஒரு புதர்கூட இல்லாத நீர்ப்பரப்பில், நம் கண்ணெதிரே ஒளிந்து கிடக்கிறது. எப்படி? "சேற்று நிறம், அதனால் தெரியவில்லை" என்று சொல்லலாம். விடை சரிதான். ஆனால் அந்த நிறம் சேற்றிலிருந்து ஒட்டிக்கொண்டது இல்லை. முதலை அதைத் தன் உடம்புக்குள்ளேயே காய்ச்சிக்கொள்கிறது. எப்படிக் காய்ச்சுகிறது, அந்த நிறம் முதலைக்கு என்னென்ன செய்துகொடுக்கிறது என்று அறிய ஒரு நல்ல வழி உண்டு. நிறமே இல்லாத ஒரு முதலையைப் பார்க்க வேண்டும். அப்படி ஒன்று முப்பது ஆண்டுகள் வாழ்ந்து, ஒரு நகரத்துக்கே செல்லப்பிள்ளையாகி, 2025 டிசம்பரில் கண்மூடியது.

குளோட்டும் கோரியும்

அதன் பெயர் குளோட். 1995 செப்டம்பரில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் முட்டையிலிருந்து வெளிவந்த ஆண் முதலை. புளோரிடாவில் ஒரு முதலைப் பண்ணையில் வளர்ந்து, 2008-இல் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா அறிவியல் கழகத்துக்கு வந்து சேர்ந்தது. 1853-இல் தொடங்கிய அந்தக் கழகத்தின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் அதே 2008-இல்தான் புதிய கட்டடத்துக்கு மாறியது. அங்கே அமைத்த செயற்கைச் சதுப்பு நிலத்தில், சூடேற்றிய ஒரு பாறையின்மேல் குளோட் படுத்திருக்கும். ஏறக்குறைய பத்தடி நீளம், 136 கிலோ எடை, உடம்பு முழுக்கப் பால் வெள்ளை. மணிக்கணக்கில் அசையாமல் கிடப்பதைப் பார்த்து, "இது உயிருள்ளதா, பொம்மையா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். அந்தப் பிள்ளைகளே அதற்குக் கடிதம் எழுதினார்கள், படம் வரைந்து அனுப்பினார்கள். 2025 செப்டம்பரில் அதன் முப்பதாவது பிறந்தநாளை ஊரே கொண்டாடியது. மூன்று மாதம் கழியுமுன் கல்லீரல் புற்றுநோய் அதைக் கொண்டுபோயிற்று.

நமக்குக் கிட்டவும் ஒரு வெள்ளை முதலை உண்டு. வங்காள விரிகுடாவின் ஓரத்தில், ஒடிசா மாநிலத்தின் பிதர்கனிகா கண்டல் காடுகளில் டாங்மல் என்ற இடத்தில் முதலை ஆய்வு நிலையம் இருக்கிறது. 1975-இல் இந்தியா முதலைகளைக் காப்பாற்றும் திட்டத்தைத் தொடங்கியபோது, காட்டில் சேகரித்து வந்த முட்டைகளிலிருந்து பொரித்த குஞ்சுகளில் ஒன்று வெள்ளையாக இருந்தது. அதற்குக் கோரி என்று பெயரிட்டார்கள். வெளுத்தவள் என்று பொருள். வெளிர்நிற முதலைகளை அந்தப் பகுதி மக்கள் சங்குவா என்கிறார்கள். சங்கு என்ற சொல் நம் காதுக்கும் பழகியதுதானே.

இரண்டுக்கும் வேற்றுமை உண்டு. குளோட் அலிகேற்றர் இனம்; கோரி உவர்நீர் முதலை. தமிழில் இரண்டையும் முதலை என்றே சொல்கிறோம். வாய் மூடியிருக்கும்போது கீழ்த்தாடையின் நான்காவது பல் வெளியே துருத்தித் தெரிந்தால் அது நம் பக்கத்து முதலைக் குடும்பம். அந்தப் பல் மேல்தாடைக்குள் மறைந்துவிட்டால் அலிகேற்றர். இலங்கையில் இருக்கும் இரண்டு இனங்களான குளத்து முதலையும் உவர்நீர் முதலையும் பல் தெரியும் கூட்டத்தைச் சேர்ந்தவை.

வேறு வேறு குடும்பம் என்றாலும் இரண்டின் கதையிலும் ஓர் ஒற்றுமை இருக்கிறது. குளோட்டோடு துணைக்கு விட்ட பெண் முதலை அதன் காலைக் கடித்துக் குதறியதில் ஒரு விரலை அகற்ற வேண்டியதாயிற்று. கோரியோ ஓர் ஆண் முதலையோடு நடந்த சண்டையில் ஒரு கண்ணை இழந்தது. அதன்பின் இரண்டும் தனியாகவே வாழ்ந்தன. குளோட் பார்வை மங்கிய நிலையில் போய்ப் போய் இடித்ததே அந்தப் பெண் முதலையைச் சீண்டியது என்று அதைப் பராமரித்தவர்கள் கருதினார்கள். தோல் வெள்ளையானால் பார்வை ஏன் மங்க வேண்டும்? அதைப் பார்ப்பதற்கு முன் நம் குசினிக்குள் ஒருமுறை போய்வருவோம்.

கத்தரிக்காய் கறுப்பது ஏன்?

உம்மா கத்தரிக்காயை நறுக்கியதும் தண்ணீருக்குள் போடுவார். வெளியே வைத்தால் கொஞ்ச நேரத்தில் கறுத்துவிடும். வாழைக்காயும் அப்படித்தான். வெட்டிய இடத்தில் காற்றுப் படும்போது, காய்க்குள் இருக்கும் ஒரு நொதியம் வேலை செய்யத் தொடங்குகிறது. நொதியம் என்றால் உயிருக்குள் ஒரு வேதி மாற்றத்தை விரைவாக நடத்திக்கொடுக்கும் புரதம். அது நிறமில்லாத ஒரு பொருளை ஒட்சிசனோடு சேர்த்துப் பழுப்பு நிறமாக்கிவிடுகிறது.

முதலையின் தோலிலும், நம் தோலிலும், தலைமயிரிலும் நடப்பது ஏறக்குறைய இதே வேலைதான். அங்கே வேலை செய்யும் நொதியத்தின் பெயர் தைரோசினேஸ். கத்தரிக்காயைக் கறுக்க வைக்கும் நொதியத்துக்கு இது நெருங்கிய உறவு. இரண்டுமே செம்பு அணுக்களைக் கைக்கருவியாக வைத்துத் தொழில் செய்பவை. சாப்பாட்டிலுள்ள புரதத்திலிருந்து கிடைக்கும் தைரோசின் என்ற நிறமற்ற பொருளை அது படிப்படியாக மாற்ற, கடைசியில் கிடைப்பது மெலனின். கருநிறமி என்று சொல்லலாம். குளத்து முதலையின் சேற்று நிறத்துக்கு அடிப்படை இந்தக் கருநிறமி.

இந்த வரிசையில் ஒரு படி அடைபட்டுப் போனாலும் சாயம் உருவாகாது. மருதமுனைக் கைத்தறியை நினைத்துக்கொள்ளுங்கள். தறி இருக்கிறது, நூல் இருக்கிறது, நெய்பவரும் இருக்கிறார். சாயத்தொட்டியில் சேர்க்க வேண்டிய ஒரு சரக்கு மட்டும் வரவில்லை. அன்று நெய்யும் சாரம் இழையிலும் நீளத்திலும் எந்தக் குறையும் இல்லாமல் வரும். நிறம் மட்டும் இராது. குளோட்டின் உடம்பும் அப்படித்தான் நெய்யப்பட்டிருந்தது. செதில், பல், வால், பசி எல்லாம் மற்ற முதலைகளைப் போலவே. இந்த நிலையை வெளிறல் என்கிறோம்.

வெள்ளை முதலைகள் எல்லாம் வெளிறல் முதலைகள் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1987-இல் லூசியானாச் சதுப்பு நிலத்தில் ஒரு கூட்டிலிருந்து வெள்ளை அலிகேற்றர் குஞ்சுகள் கிடைத்தன. அவற்றின் கண்கள் நீலம். குளோட்டின் கண்களோ இளஞ்சிவப்பு. நீலக்கண் குஞ்சுகளில் வேறொரு தவறு நடந்திருக்கிறது. கரு வளரும்போது சாயம் காய்ச்சும் கலங்கள் முதுகுப்புறத்தில் தோன்றி, அங்கிருந்து புறப்பட்டு உடம்பெங்கும் பரவ வேண்டும். நீலக்கண் முதலைகளில் அந்தச் சாயக்காரர்கள் தோலுக்குப் போய்ச் சேரவே இல்லை. கண்ணின் உட்சுவருக்குச் சாயம் பூசும் கலங்களோ கண்ணுக்குள்ளேயே பிறப்பவை. அவற்றுக்குப் பயணம் தேவையில்லை. ஆகவே கண் மட்டும் நிறத்தோடு தப்பிவிட்டது. வெளிறலில் சாயக்காரர் வந்து சேர்ந்துவிடுகிறார்; அவர் கையில் சரக்கு இல்லை. அதனால் கண்ணும் வெறுமையாகி, உள்ளே ஓடும் இரத்தத்தின் சிவப்பு வெளியே தெரிகிறது. ஒரு முதலையின் கண்ணைப் பார்த்தே, அது கருவாக இருந்தபோது எந்த இடத்தில் வேலை தடைப்பட்டது என்று சொல்லிவிடலாம்.

இரண்டு கொப்பிகள்

வெள்ளைக் குஞ்சின் தாயும் தகப்பனும் பெரும்பாலும் சாதாரண நிறத்தவையே. அவற்றுக்கு எப்படி இப்படியொரு குஞ்சு?

சாயம் காய்ச்சும் முறையை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருப்பதாக எண்ணுங்கள். இந்தக் கொப்பிக்கு அறிவியலில் பரம்பரையலகு என்று பெயர். ஒவ்வோர் உயிருக்கும் இதில் இரண்டு கொப்பிகள் கிடைக்கின்றன, தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. ஒன்றில் எழுத்துப் பிழை இருந்தாலும் மற்றதைப் பார்த்துச் சாயம் காய்ச்சிவிடலாம். அப்படிப்பட்ட முதலை மற்றவற்றைப் போலவே சேற்று நிறத்தோடு இருக்கும். பிழையான கொப்பி உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது. இப்படி ஒளிந்திருக்கும் பண்பைப் பின்னிடைவுப் பண்பு என்பார்கள்.

இப்படிப்பட்ட இரண்டு முதலைகள் இணை சேர்ந்தால், ஒவ்வொரு குஞ்சுக்கும் நான்கு விதமான சேர்க்கையில் ஒன்று கிடைக்கும். இரண்டும் நல்ல கொப்பியாக இருப்பது ஒன்று. ஒன்று நல்லதும் ஒன்று பிழையுமாக இருப்பது இரண்டு விதம். இரண்டும் பிழையாக வருவது நான்கில் ஒன்று. வெள்ளைக் குஞ்சு அந்த நாலாவது சேர்க்கையில் பிறப்பது. உலகம் முழுக்க வெளிறல் அலிகேற்றர்கள் நூறு முதல் இருநூறு வரை இருக்கலாம் என்பது வழமையாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

இதையெல்லாம் மனிதர்கள் கண்டுபிடித்த விதமும் அறிய வேண்டியது. 1908-இல் லண்டன் மருத்துவர் ஆர்ச்சிபால்ட் கரோட் தமது விரிவுரைகளில் ஒரு புதிய கருத்தை முன்வைத்தார். சில குறைகள் கிருமியால் வருவதில்லை. உடம்பின் வேதி வேலையில் பிறவியிலேயே ஒரு படி விடுபட்டுப்போவதால் வருகின்றன. அவை குடும்ப வழியாக இறங்குகின்றன என்றார். அவர் காட்டிய நான்கு எடுத்துக்காட்டுகளில் வெளிறலும் ஒன்று. பரம்பரையலகு எதனால் ஆனது என்று யாருக்கும் தெரியாத காலம் அது. வண்டி ஓடும்போது அதன் பாகங்களை யாரும் நினைப்பதில்லை. ஒன்று கழன்று விழுந்த பிறகுதான் அது அங்கே என்ன செய்துகொண்டிருந்தது என்று தெரியும். கரோட் கையாண்ட வழியும் இதுதான்.

மனிதரிலும் வெளிறலோடு பிள்ளைகள் பிறக்கிறார்கள். தாய் பிள்ளைத்தாச்சியாக இருக்கும்போது கண்ட கிரகணமோ, யாராவது வைத்த கண்ணூறோ இதற்குக் காரணமில்லை. இது ஒட்டிக்கொள்ளும் நோயும் இல்லை. அந்தப் பிள்ளைக்கு வேண்டியவை ஒரு தொப்பி, முழுக்கைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, வகுப்பில் முன்வாங்கில் ஓர் இடம். அவற்றோடு, பெயர் வைத்துக் கூப்பிட்டுச் சிரிக்காத கூட்டாளிகள்.

முன்வாங்கு ஏன்?

கருநிறமி இல்லாவிட்டால் பார்வையும் மங்கும் என்று சொன்னேன். பழைய கமராப் பெட்டியின் உட்புறத்தைக் கறுப்பாகவே வைத்திருப்பார்கள். வில்லை வழியாக வரும் ஒளி படச்சுருளில் மட்டும் பட வேண்டும். சுவரில் பட்டுத் தெறித்தால் படம் வெளுத்துவிடும். நம் கண்ணிலும் முதலையின் கண்ணிலும் விழித்திரைக்குப் பின்னால் கருநிறமி பூசிய ஒரு படை உண்டு. முன்னால் இருக்கும் கதிராளி, வெயில் அதிகமானால் இழுத்து மூடும் திரை. அதிலும் கருநிறமி உண்டு. வெளிறலில் திரையும் மெல்லியது, சுவரும் வெள்ளை. உள்ளே போகும் ஒளி அங்குமிங்கும் தெறிக்கிறது, கண் கூசுகிறது, உருவங்கள் கலங்குகின்றன. குளோட் தன் துணையை இடித்த கதைக்கு இதுவே காரணம்.

காட்டில் இப்படி ஒரு குஞ்சுக்கு என்ன நடக்கும்? முட்டையோட்டை விட்டு வெளியே வரும்போது முதலைக் குஞ்சு நம் முழங்கை நீளம்கூட இருக்காது. கொக்கு, நாரை, கழுகு, பெரிய மீன் எல்லாமே அதற்கு எதிரி. சாதாரணக் குஞ்சு மங்கிய உடம்பிலுள்ள கறுப்புப் பட்டைகளால் நாணலின் நிழலில் கரைந்துவிடும். வெள்ளைக் குஞ்சு கருநீரில் விழுந்த மல்லிகைப் பூவைப் போலத் தெரியும். வெயிலின் புறஊதாக் கதிரைத் தடுக்கவும் கருநிறமியே வேண்டும். வெயில் காயாவிட்டால் குளிர்க்குருதி விலங்கான முதலைக்கு உண்ட இரை செரிக்காது. காய்ந்தால் தோல் வேகும். அருங்காட்சியகத்தின் சூடேற்றிய பாறை இந்த இக்கட்டுக்கு ஒரு மருந்து. அது வெயிலில்லாத சூட்டைத் தந்தது. குளோட்டுக்கு முப்பது வயதைக் கொடுத்தது அந்தக் கவனிப்புத்தான்.

கண் இல்லாமலும் காணும் தாடை

இப்போது கதையின் இன்னொரு பக்கம். பார்வை மங்கிய குளோட் நீருக்குள் எப்படித் தன்னைச் சமாளித்தது? கலங்கிய குளத்தில், அமாவாசை இரவில், நல்ல கண்ணுள்ள முதலைக்கும் எதுவும் தெரியாதே. அது எப்படி இரை பிடிக்கிறது?

முதலையின் தாடையைக் கிட்டத்திலிருந்து பார்த்தால், செதில்களின்மேல் ஊசிமுனையால் குத்தியதுபோல நூற்றுக்கணக்கான கறுப்புப் புள்ளிகள் தெரியும். தடவினால் அவை மிகச் சிறிய குமிழ்கள். இவை எதற்கு என்று நெடுங்காலம் தெளிவில்லாமல் இருந்தது. டஃப்னி சோரஸ் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்தார். இளம் அலிகேற்றர்களை, பாதி உடம்பு நீரில் இருக்குமாறு, முழு இருட்டில் விட்டார். நீரில் ஒரே ஒரு துளியை விழவைத்தார். முதலை சட்டெனத் துளி விழுந்த பக்கம் திரும்பியது. பிறகு தாடையிலிருந்த குமிழ்களை ஒரு மெல்லிய பூச்சால் மூடிவிட்டு மறுபடியும் துளியை விட்டார். முதலை அசையவே இல்லை. 2002-இல் வெளியான அந்த ஆய்வு, குமிழ்கள் நீர்ப்பரப்பின் அதிர்வை உணரும் உறுப்புகள் என்று காட்டியது. பின்னர் 2012-இல் வந்த ஓர் ஆய்வு, அவை நம் விரல்நுனியைவிட நுட்பமாகத் தொடுகையை உணர்கின்றன என்றது. நம் முகத்துக்குத் தொடுவுணர்வு தரும் முக்கிளை நரம்புதான் இந்தக் குமிழ்களுக்கும் கிளை விடுகிறது.

ஒன்றை மூடிப் பார்த்து அதன் வேலையை அறிவது! கரோட் இயற்கை தானே விட்ட குறையைப் பார்த்துக் கற்றார். சோரஸ் தாமே ஒரு குறையை உண்டாக்கிக் கற்றார். வழி ஒன்றே.

அவர் அத்தோடு நிற்கவில்லை. இந்த நரம்புக் கிளைகள் தாடை எலும்பைத் துளைத்துக்கொண்டு வருவதால், எலும்பில் சல்லடைபோலச் சிறு துளைகள் இருக்கும். தோல் மக்கிப்போனாலும் எலும்பிலுள்ள துளை அழியாது. இயற்கை வரலாற்று அருங்காட்சியகங்களில் காத்து வைத்திருந்த தொல்முதலைகளின் மண்டையோடுகளில் அவர் அந்தத் துளைகளைத் தேடினார். டைனோசர் காலத்து நீர்முதலைகளிலேயே அவை இருந்தன. யாருக்கு எப்போது உதவும் என்று தெரியாமலே ஓர் எலும்பைப் பெட்டியில் வைத்துத் துடைத்துப் பாதுகாப்பவர்களின் உழைப்பு, இப்படி ஒரு நாளில் பலன் தருகிறது.

நம் குளத்து முதலைக்கு இதில் கூடுதல் பங்கு உண்டு. அலிகேற்றருக்குக் குமிழ்கள் தலைப்பகுதியில் மட்டும். நம் பக்கத்து முதலைகளுக்கோ உடம்புச் செதில்களிலும் இருக்கின்றன. முதலைத் தோல் கைப்பை ஒன்றைப் பார்த்து, அது எந்தக் குடும்பத்தின் தோல் என்று சொல்வதற்குச் செதிலிலுள்ள அந்தப் புள்ளியையே அடையாளமாகக் கொள்கிறார்கள்.

மறுபடியும் குளக்கட்டில்

பிதர்கனிகாவில் ஆண்டுதோறும் தை மாதத்தையொட்டித் தோணியில் போய் முதலைகளை எண்ணுகிறார்கள். இரவில் ரோச் அடித்தால் முதலையின் கண் நெருப்புத் துண்டம்போல ஒளிரும். விழித்திரைக்குப் பின்னால் முன்பு சொன்ன கரும்படையோடு, ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு கண்ணாடிப் படையும் இருப்பதால் அப்படி. திட்டம் தொடங்கிய காலத்தில் அங்கே நூறு முதலைகள்கூட இல்லை. 2024 கணக்கெடுப்பில் 1,811. காப்பாற்ற நினைத்தால் காப்பாற்ற முடியும் என்பதற்கு இந்த எண்ணே சாட்சி.

நம் மாவட்டத்தில் முதலை செல்லப்பிள்ளை ஆகாது, ஆகவும் வேண்டியதில்லை. மாரி வெள்ளத்தில் வாய்க்காலேறி வரும், கோடையில் குளம் வற்றினால் இடம் தேடி நடக்கும். குளிக்கப் போனவர்களையும் வலை போட்டவர்களையும் இழந்த குடும்பங்கள் இந்தக் கரையோரத்தில் இருக்கின்றன. அந்தத் துயரம் உண்மையானது. அதனால்தான் முதலையைச் சரியாக அறிந்திருப்பது நமக்கு உயிர்ப் பிரச்சினை. மீன் கழிவையும் இறைச்சிக் கழிவையும் கரையில் கொட்டுவது அதற்கு விருந்து வைப்பது. இருட்டிய பிறகு இறங்கிக் குளிப்பது, அது நம்மைக் காண, நாம் அதைக் காணாத வேளையில் அதன் வீட்டுக்குள் போவது. இதை அறிந்து நடந்தால் குளத்தை இருவரும் பகிர்ந்துகொள்ளலாம். இலங்கைச் சட்டம் இரண்டு முதலை இனங்களையும் காக்கிறது. நாமும் காக்கலாம்.

அன்று நான் அந்தக் கல்லை எறிந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். கல் விழுந்த இடத்திலிருந்து வளையம் வளையமாக அலை விரிந்து, அந்தத் தாடையிலுள்ள ஒவ்வொரு குமிழையும் தொட்டிருக்கும். நான் கட்டையா முதலையா என்று தடுமாறிக்கொண்டு நிற்க, அதற்கோ எங்கே, எந்தப் பக்கம் என்பதெல்லாம் ஒரே நொடியில் தெரிந்திருக்கும். வாப்பாவுக்குக் கருநிறமி தெரியாது, நொதியம் தெரியாது. கட்டை என்றால் காற்றோடு போக வேண்டும். இது காற்றை எதிர்த்துப் போகிறதே என்று மட்டும் பார்த்தார். கரோட்டும் சோரஸும் பார்த்ததைப்போல, வழக்கத்துக்கு மாறான ஒன்றைப் பார்த்தார். என் தோளில் பட்ட அந்தக் கையின் பிடிதான் அறிவியலில் எனக்குக் கிடைத்த முதல் பாடம்.